வாழ்வின் நோக்கமும் வழியும்

சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ பெரியவனானால் என்ன ஆவாய்?" என்று கேட்பது நமது வீடுகளில் ஒரு விளையாட்டு. டாக்டர் என்கிறது ஒன்று. போலீஸ் என்கிறது மற்றொன்று. பஸ் ஓட்டுவேன் என்கிறது இன்னொன்று. கேட்டவர்கள் சிரித்து, ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "எதற்காக டாக்டர்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர் அபூர்வம். அதே பிள்ளைக்குப் பதினேழு வயதாகி, அதே கேள்வி வீட்டையே பிடித்தாட்டும் விஷயமாகும்போதும் அந்த இரண்டாம் கேள்வி எழுகிறதில்லை. மதிப்பெண் எத்தனை, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பவை இரவு பன்னிரண்டு மணி வரை பேசப்படுகின்றன. எதற்காக என்பதைப் பேச நேரமிருப்பதில்லை.

பிரியமுள்ள விசுவாசிகளே, அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரப் பாடம். காரணங்களுக்குள்ளே நோக்கமே முதன்மையானது, மற்றக் காரணங்களெல்லாம் அதனால்தான் அசைகின்றன என்று குருமடத்தில் அர்ச். தோமாஸ் அக்குயினாரின் வழியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அதை அப்படியே இங்கே எழுதினால் உங்களில் பாதிப்பேர் அடுத்த பக்கத்து ஞானஸ்நான, திருமண அறிவிப்புகளுக்குப் போய்விடுவீர்கள். ஆகையால் ஒரு மனிதருடைய சரித்திரத்தை வைத்தே சொல்லுகிறேன்.

அர்ச். இஞ்ஞாசியாரை நாம் அறிவோம். ஜூலை 31 அவருடைய திருநாள். சேசுசபையை ஸ்தாபித்தவர், ஞான ஒடுக்கத்தின் தந்தை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பீடத்தின் மேலுள்ள சுரூபத்தில் கையில் புத்தகத்தோடு நேராக நிற்கிறார். உண்மையில் அவர் முப்பது வயது முதல் சாகுமட்டும் நொண்டி நடந்தவர். நமது பாடம் அந்த நொண்டிக் காலிலிருந்து தொடங்குகிறது.

1491-ம் வருஷம் ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில், லொயோலா என்னும் கோட்டை வீட்டில் அவர் பிறந்தார். வீட்டில் வழங்கிய பெயர் இனிகோ. வாலிபத்தில் அரசாங்கப் பொக்கிஷ அதிகாரி ஒருவருடைய மாளிகையில் வளர்ந்து, வாள் வீச்சும் ஆடை அலங்காரமும் பெரிய இடத்துப் பழக்கமும் கற்றுக்கொண்டார். இலட்சியமில்லாத இளைஞன் என்று அவரைச் சொல்ல முடியாது. பேர்பெற்ற வீரனாக வேண்டும், உயர்குலத்துச் சீமாட்டி ஒருத்தியின் மதிப்பைச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவருக்கு வெகு தெளிவாயிருந்தது. இலட்சியம் தெளிவாயிருந்தால் வெற்றி நிச்சயம் என்று போதிக்கும் புத்தகங்கள் இரயில் நிலையக் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. தெளிவு நல்லதுதான், ஆனால் திருடனுக்கும் தெளிவான இலட்சியம் உண்டு.

1521-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி, பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுச் சேனை முற்றுகையிட்டபோது ஒரு பீரங்கிக் குண்டு இனிகோவின் வலது காலை முறித்தது. இடது காலிலும் காயம். பிரெஞ்சுக்காரரே அவருக்குச் சிகிச்சை செய்து, வீட்டுக்குத் தூக்கி அனுப்பினார்கள். எலும்பு கோணலாய்க் கூடியது என்று மறுபடியும் முறித்துக் கட்டினார்கள். அப்படியும் முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அக்காலத்துப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான உயர்ந்த பாதணிக்குள் அந்தக் கால் நுழையாது. "அதை அறுத்துவிடுங்கள்" என்றார். மயக்க மருந்து இல்லாத காலம். இதுவரை பட்ட வேதனையிலும் இது பெரிது என்று வைத்தியர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. பாதணிக்காக உயிருள்ள எலும்பை அறுக்கக் கொடுத்தார்.

இதை வாசித்துச் சிரிக்க வேண்டாம். ஊரார் மெச்ச வேண்டுமென்று கடன் வாங்கிக் கட்டிய வீட்டு முகப்புக்காக, பத்து வருஷம் பாலைவன தேசத்தில் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற தகப்பன்மார் நமது பங்கிலே உண்டு. ஒரே நாள் கலியாணப் பந்தலுக்காகக் கழுத்து நகையை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டு வட்டி கட்டுகிற தாய்மார் உண்டு. தாங்கும் சக்தி மனிதனுக்குக் குறைவில்லை. எதற்காகத் தாங்குகிறான் என்பதே விசாரிக்க வேண்டியது.

படுக்கையில் கிடந்த இனிகோ பொழுது போக்க வீரர் கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்தவை சேசுநாதருடைய சரித்திரமும் அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரமும்தான். வேறு வழியில்லாமல் அவற்றை வாசித்தார். வாசித்துக் கண்ணை மூடினால் இரண்டு விதமான கனவுகள். சில வேளை அந்தச் சீமாட்டியைப் பார்க்கப் போவதும், என்ன பேசுவது, என்ன வீரச் செயல் செய்வது என்பதுமாக மூன்று நான்கு மணி நேரம் ஓடிவிடும். சில வேளை, பிரான்சிஸ்கு அசிசியாரும் சாமிநாதரும் செய்ததை நானும் செய்தால் என்ன, வெறுங்காலோடு ஜெருசலேமுக்கு நடந்தால் என்ன என்று யோசனை போகும். இரண்டும் யோசிக்கும்போது இனிமைதான். முதலாவது முடிந்த பிறகு மனம் வறண்டு அலுத்துப்போனது. இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியிருந்தது. இந்த வித்தியாசத்தை அவர் ஒரு நாள் கவனித்தார். அவருடைய ஞானமெல்லாம் இந்தக் கவனிப்பிலிருந்து முளைத்ததென்று சொல்லலாம்.

ஆகவே தங்கள் வழியைத் தேடுகிற இளைஞருக்கு என் முதல் புத்திமதி இதுவே: ஆசை வரும்போது எவ்வளவு இனிக்கிறது என்று பார்க்காதீர்கள். அது போன பிறகு வாயில் என்ன ருசி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது. சில மாதம் பார்க்க வேண்டும். இனிகோ ஏறக்குறைய ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார்.

எழுந்து நடமாடியதும் 1522-ல் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மோன்செராத் மலைக் கோயிலில் தேவமாதாவின் பீடத்துக்கு முன் இரா முழுவதும் விழித்திருந்து, தம்முடைய வாளை அங்கேயே விட்டுவிட்டார். பிறகு மன்ரேசா என்னும் சிற்றூரில் ஏறக்குறைய பதினொரு மாதம் தங்கினார். ஒருசந்தி, தூக்கமின்மை, வெட்டாத தலைமயிர், வெட்டாத நகம் என்று தொடங்கி, மனக்கலக்கத்தில் அமிழ்ந்து, மெல்ல மெல்லத் தெளிந்தார். மற்ற ஆத்துமங்களுக்கு உதவி செய்ய வேண்டுமென்ற எண்ணம் வந்தபோது நகத்தையும் மயிரையும் வெட்டிக்கொண்டார். தவம் பெரிதாகத் தெரிந்த காலம் போய், எது உதவுமோ அதுவே பெரிதாயிற்று.

இப்போது அவருக்குப் புது இலட்சியம்: ஜெருசலேமில் சேசுநாதர் நடந்த மண்ணிலே சாகுமட்டும் வசித்து, அங்குள்ளவர்களுக்கு ஞான உதவி செய்வது. நல்ல இலட்சியமல்லவா? 1523 செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தார். திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் சபைச் சிரேஷ்டர், நீர் இங்கே தங்கக் கூடாது என்றார். அங்கே தங்கியவர்கள் பிடிபட்டுக் கைதிகளாகி, அவர்களை மீட்கச் சபையார் பட்ட பாடு அவருக்குத் தெரியும். கீழ்ப்படியாவிட்டால் சபைநீக்கம் செய்யவும் பாப்பரசரிடமிருந்து தமக்கு அதிகாரமுண்டு என்றும் சொன்னார். மூன்று வாரத்துக்குள் இனிகோ ஜெருசலேமைவிட்டுத் திரும்பிப் புறப்பட்டார். இரண்டு வருஷமாகச் சுமந்த இலட்சியம் ஒரே பேச்சில் உடைந்தது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் நமது தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இருள் சூழ்கிறதென்று நீங்கள் அறிவீர்கள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வருகிறது. அந்தப் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கிப் பேச எனக்கு மனம் வராது, நீங்களும் பேசாதீர்கள். பத்து வயது முதல் அவர்களுடைய காதில் ஒரே வார்த்தை ஓதப்பட்டது. அந்த வார்த்தைக்கு அப்பால் வாழ்வு ஒன்று இருக்கிறதென்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வழி அடைபட்டபோது, போய்ச் சேரவேண்டிய ஊரே அழிந்துவிட்டதாக நினைத்தார்கள்.

இனிகோவுக்கும் வழி அடைபட்டது. திரும்பி வரும் கப்பலிலும் பிறகும், இனி என்ன செய்வது என்றே ஆலோசித்துக்கொண்டு வந்ததாக அவர் தம்முடைய சரித்திரத்தைச் சொன்னபோது கூறியிருக்கிறார். ஏன் நொறுங்கிப்போகவில்லை? ஜெருசலேமில் இருக்க விரும்பினார். ஆனால் எதற்காக இருக்க விரும்பினார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சர்வேசுரனுக்கு ஊழியம் செய்து, ஆத்துமங்களுக்கு உதவியாயிருப்பது நோக்கம். ஜெருசலேம் அதற்கு ஒரு சாதனம். சாதனம் போயிற்று, நோக்கம் போகவில்லை. அந்த நோக்கத்துக்கு இனி எது உதவும் என்று பார்த்தார். படிப்பு உதவும் என்று கண்டார்.

அப்படியே 1524-ல், முப்பத்துமூன்று வயதில், பார்சலோனா நகரில் ஒரு ஆசிரியரிடம் இலத்தீன் இலக்கணத்தின் அரிச்சுவடியைத் தொடங்கினார். அங்கே நடந்த ஒரு சிறு சம்பவம் எனக்கு மிகவும் பிரியமானது. வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், புதுப்புது ஞானக் கருத்துகளும் பக்தி இனிமையும் மனதில் பொங்கிவந்து, படிப்பு ஓடாது. நாமாயிருந்தால் தேவ வரம் என்று மகிழ்ந்திருப்போம். அவரோ, செபத்தில் இருக்கும்போதும் பூசை காணும்போதும்கூட வராத இந்த இனிமை படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறதென்று கேட்டு, இது சோதனை என்று முடிவு செய்தார். ஆசிரியரை ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லி, இந்த நகரத்தில் அப்பமும் தண்ணீரும் கிடைக்குமட்டும் இரண்டு வருஷம் உமது வகுப்புக்குத் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு அந்தச் சோதனை வரவில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் நவநாள் நவநாளாகச் சுற்றுகிற மாணவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கக் கடவார்கள்.

அல்கலாவிலும் சலமான்காவிலும் அவர் அவசரப்பட்டுப் பல பாடங்களை ஒன்றாகப் படித்தார். சந்தேகத்தின் பேரில் இரண்டு ஊரிலும் சிறையிலும் இருந்தார். 1528 பிப்ரவரியில் பாரீஸ் சேர்ந்தபோது, அஸ்திவாரம் சரியில்லை என்று கண்டு, மறுபடியும் சிறுவர்களோடு கீழ் வகுப்பில் உட்கார்ந்தார். அப்போது வயது முப்பத்தேழு. வெட்கம் அவரைத் தடுக்கவில்லை. பாதணி நுழையவில்லையென்று எலும்பை அறுத்துக்கொண்ட அதே மனிதர்தாம் இவர்.

பாரீஸில் ஒரே அறையில் அவரோடு தங்கிய இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீட்டர் பேபர் என்பவர் சவோய் நாட்டில் சிறுவயதில் ஆடு மேய்த்தவர், நல்ல புத்திசாலி, ஆனால் என்ன ஆவது என்று தீர்மானிக்க மாட்டாதவர். கலியாணம் செய்துகொள்ளலாமா, வைத்தியராகலாமா, வக்கீலாகலாமா, ஆசிரியராகலாமா, குருவாகலாமா, துறவியாகலாமா என்று காற்றடித்த பக்கமெல்லாம் மனம் சாய்ந்ததை அவரே தமது குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இஞ்ஞாசியார் அவரை அவசரப்படுத்தவில்லை. சில வருஷம் பொறுத்திருந்து, 1534-ன் தொடக்கத்தில்தான் முழு ஞான ஒடுக்கத்தில் அவரை நடத்தினார். அந்த வருஷமே பேபர் குருப்பட்டம் பெற்றார். 2013-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சிஷ்டவராக அறிவித்தார். ஆகையால் இருபத்திரண்டு வயதில் இன்னும் திட்டமில்லையே என்று பிள்ளையை நச்சரிக்கிற பெற்றோர் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

மற்றவர் இதற்கு நேர் எதிர். நவார் தேசத்துப் பிரபுகுலம். பம்பலோனாவில் வருமானமுள்ள ஒரு கோயில் பதவியைக் கண்ணில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர். திட்டத்துக்கு அவரிடம் குறைவேயில்லை. அவர் பெயர் பிரான்சிஸ்கு சவேரியார்.

1534 ஆகஸ்டு 15-ல், தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாளன்று, இவர்களும் வேறு நால்வருமாக ஏழு பேர் பாரீஸ் நகரத்து மோன்மார்த் குன்றிலே ஒரு சிற்றாலயத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். தரித்திரம், கற்பு, ஜெருசலேம் யாத்திரை. அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள்: ஒரு வருஷம் காத்திருந்தும் ஜெருசலேம் போகக் கூடாமற்போனால், பரிசுத்த பாப்பரசரிடம் போய், எங்களை எங்கே வேண்டுமானாலும் அனுப்பும் என்று ஒப்புக்கொடுப்பது. பழைய ஆசையை அவர்கள் தள்ளவில்லை. அதைச் சர்வேசுரனுக்குக் கட்டளையாக்கவுமில்லை. உறுதியான திட்டமும் அதற்குள்ளேயே விட்டுக்கொடுத்தலும் ஒன்றாயிருப்பதை இங்கே பார்க்கிறோம். நமது திட்டங்களில் இந்த "கூடாமற்போனால்" என்ற வார்த்தை எழுதப்படுவதே இல்லை.

கூடாமல்தான் போயிற்று. வெனிஸ் நகரத்துக்கும் துருக்கிக்கும் யுத்தம் மூண்டு, 1537-ல் யாத்திரைக் கப்பல் புறப்படவில்லை. 1538-ல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரிடம் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். 1540 செப்டம்பர் 27-ல் சேசுசபை அங்கீகாரம் பெற்றது. இஞ்ஞாசியார் 1541-ல் அதன் சிரேஷ்டரானார். ஜெருசலேம் வீதிகளில் நடக்க ஆசைப்பட்டவர், 1556-ல் சாகுமட்டும் ரோமாபுரியில் சில சிறிய அறைகளில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஏறக்குறைய 7000 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

சவேரியாருடைய திட்டமோ? 1540-ல் இந்தியாவுக்குப் போக நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் போபதில்லா. புறப்படும் சமயத்தில் அவர் நோயில் விழுந்தார். பதிலாக வேறொருவர் வேண்டும், சவேரியார் இருந்தார். உடனே புறப்பட்டார். 1542 மே மாதம் கோவா. அதே வருஷத்துக் கடைசியில் முத்துக்குளித்துறை. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்து, தமிழ் தெரிந்தவர்களை வைத்து மந்திரங்களை மொழிபெயர்த்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தார். பம்பலோனாப் பதவி கிடைத்திருந்தால், அல்லது போபதில்லாவுக்குச் சுகக்கேடு வராதிருந்தால், நமது கடற்கரைச் சரித்திரம் வேறுவிதமாயிருக்கும்.

இந்த அநுபவங்களையெல்லாம் இஞ்ஞாசியார் "ஞானப் பயிற்சிகள்" என்னும் தமது சிறு நூலில் முறைப்படுத்தினார். அந்நூலின் அஸ்திவாரம் சுருக்கமானது. மனிதன் சர்வேசுரனுக்காக உண்டாக்கப்பட்டவன். பணம், பதவி, சுகம், நீண்ட ஆயுசு முதலியவை அந்த நோக்கத்துக்கு உதவுமளவு எடுத்துக்கொள்ளவும், தடையாகுமளவு விட்டுவிடவும் வேண்டியவை. ஆகவே தன்னிஷ்டத்துக்கு விடப்பட்ட விஷயங்களில், தீர்மானிக்கும்முன் மனம் எந்தப் பக்கமும் சாயாத தராசு முள் போல இருக்க வேண்டும் என்கிறார். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வதையும் காட்டுகிறார். முதலில் கலியாணத்தையோ பதவியையோ தீர்மானித்துவிட்டு, பிறகு அதில் சர்வேசுரனுக்கு ஊழியம் செய்யப் பார்க்கிறார்கள். சாதனம் நோக்கமாகி, நோக்கம் வால் போலப் பின்னால் இழுபடுகிறது.

பதினாயிரம் பொற்காசு சம்பாதித்த மூன்று பேரைப் பற்றி அவர் ஒரு தியானம் வைத்திருக்கிறார். அநியாயமாய்ச் சம்பாதித்தவர்கள் என்றில்லை. சர்வேசுரனுக்காகவே சம்பாதித்தார்கள் என்றுமில்லை. அந்தப் பற்று மனதை உறுத்துகிறது. முதலாமவன் விட்டுவிட வேண்டும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, ஒன்றும் செய்யாமல் செத்துப்போகிறான். இரண்டாமவன் பற்றை விடுவதாகச் சொல்லுகிறான்; காசை விடமாட்டான்; சர்வேசுரன்தான் தன் பக்கத்துக்கு வர வேண்டும். மூன்றாமவன் வைத்திருக்கவும் விடவும் சம்மதமாயிருந்து, எது சர்வேசுரனுக்கு ஏற்றதோ அதைச் செய்யக் காத்திருக்கிறான். முதலாமவர்கள் சோம்பேறிகள், அவர்களை எளிதில் கண்டுகொள்ளலாம். நமக்குள் அதிகம் இரண்டாமவர்கள். "சாமி, தேவ சித்தம் என்னவென்று வேண்டிக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், விமானச் சீட்டு வாங்கிய பிறகே வருகிறார்கள். பிள்ளையைக் கேளாமல் கன்னியர் மடத்துக்கோ குருமடத்துக்கோ நேர்ந்துவிட்டு, அதையும் தேவ சித்தம் என்று சொல்லும் தாய்மாரும் இந்த வகுப்பிலேயே சேருவார்கள்.

சரி, கையிலெடுத்துச் செய்ய என்ன இருக்கிறது? ஒரு காகிதம் எடுங்கள். மேலே ஒரே வாக்கியத்தில் உங்கள் நோக்கத்தை எழுதுங்கள். தொழிலின் பெயரை எழுதாதீர்கள். "நர்ஸாக வேண்டும்" என்பது நோக்கமல்ல; "வியாதியஸ்தருக்கு ஆறுதலாய் என் நாளைச் செலவிட வேண்டும்" என்பது நோக்கம். எழுதியதைப் பரீட்சிக்க ஒரு கேள்வி: நாளைக்கு என் கால் முறிந்தாலும், வேலை போனாலும், இந்த வாக்கியம் நிற்குமா? நிற்காவிட்டால் அது சாதனந்தான். இன்னும் ஒரு படி மேலே ஏறி, எதற்காக என்று கேளுங்கள். இந்த வாக்கியத்துக்கு ஒரு வாரமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில் இருக்கிறது, அதையும் வாசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தீர்மானிக்க வேண்டிய காரியத்தை அதன் கீழே எழுதுங்கள். வெளிநாடு போவதா என்பது காரியமானால், போவதால் வரும் நன்மை, போவதால் வரும் தீமை, போகாமலிருப்பதால் வரும் நன்மை, போகாமலிருப்பதால் வரும் தீமை என்று நான்கு பத்தி. இரண்டு பத்தி போதுமே என்பீர்கள். போதாது. போகாமலிருப்பதன் நன்மையை, உதாரணமாக மூன்று வயது மகன் அப்பாவின் முகம் தெரிந்து வளர்வதை, தனியாக எழுதினாலொழிய அது கண்ணுக்குப் படாது. ஒவ்வொன்றையும் மேலேயுள்ள வாக்கியத்தோடு ஒத்துப்பாருங்கள். எந்தப் பக்கம் வரிகள் அதிகம் என்றல்ல, எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று பாருங்கள்.

மனம் இன்னும் தத்தளித்தால், அர்ச்சிஷ்டவர் மூன்று பார்வை சொல்லியிருக்கிறார். நீங்கள் முன்பின் பாராத ஒருவன் இதே கஷ்டத்தோடு வந்து யோசனை கேட்டால் அவனுக்கு என்ன சொல்லுவீர்கள்? மரணப் படுக்கையில் கிடக்கும்போது இப்போது எதைத் தீர்மானித்திருக்க விரும்புவீர்கள்? தீர்வை நாளில் ஆண்டவர் முன் நிற்கும்போது எதை? மூன்றிலும் முதலாவது மிகவும் பிரயோசனமானதென்று எனக்குத் தோன்றுகிறது. அந்நியனுக்கு நியாயம் சொல்லும்போது நாம் எல்லோரும் புத்திசாலிகள்.

இரண்டு எச்சரிக்கை. மனம் சோர்ந்து இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாயிருந்தபோது செய்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. பரீட்சை முடிவு வந்த இரவிலும், கணவனோடு சண்டை போட்ட மாலையிலும் வாழ்வைப் பற்றி ஒன்றும் தீர்மானிக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். உயிரே பாரமாயிருக்கிறதென்று தோன்றுகிறவர்கள் தனியாயிருக்கவே கூடாது. அம்மாவையோ அண்ணனையோ எழுப்பிச் சொல்லுங்கள். பங்குச் சாமியார் வீட்டுக் கதவை எந்த இராத்திரியிலும் தட்டலாம். வைத்தியரிடம் போவதும் வெட்கமல்ல.

மற்றது, மாற்றக்கூடாத நிலைகளைப் பற்றியது. கலியாணமானவர்கள், குருப்பட்டம் பெற்றவர்கள் இந்தக் காகிதத்தை வைத்து வேறு வாழ்வு தேடக் கூடாது. நமக்கும் வேலையுண்டு. இருக்கிற நிலையைத் திருத்துவது எப்படி என்று அர்ச்சிஷ்டவர் ஒரு பகுதி எழுதியிருக்கிறார். அது ஆச்சரியமான அளவு குடும்பப் பாங்கானது. எவ்வளவு பெரிய வீடு வேண்டும், வீட்டாரை எப்படி நடத்த வேண்டும், வருமானத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு என்று யோசிக்கச் சொல்லுகிறார். ஐம்பது வயதுக்காரர்களே, உங்கள் காகிதத்துக்கு இந்தக் கேள்விகள் போதும்.

தீர்மானித்த பிறகு ஒவ்வொரு நாளும் மத்தியானத்திலும் இரவிலும் சில நிமிஷம் ஆத்தும சோதனை செய்து, எடுத்துக்கொண்ட ஒரு காரியத்தில் எத்தனை தரம் தவறினேன் என்று கோடு போட்டுக் குறிக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. இன்றையக் கோடுகளை நேற்றையக் கோடுகளோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுகிறார். கடைக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே சமயத்தில் ஐந்து குற்றங்களைத் திருத்தப் புறப்படாதீர்கள். ஒன்று போதும்.

காகிதத்தை என்னிடம் காட்ட வேண்டுமென்ற கட்டாயமில்லை. காட்ட விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனம் கேட்டு முடிந்த பிறகு, சாமியார் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாக வரவும். பெற்றோர் அந்த அரை மணி நேரம் கெபி அருகில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கலாம்.